உப்பு டாக்டர் போட்ட ஹார்ட்

ஆமாங்க, நானேதான். உப்பு டாக்டர்.

உட்காருங்க, உட்காருங்க, எனக்காக எழுந்திரிக்க வேண்டாம். ஜன்னல் ஓரத்தை நீங்களே வெச்சுக்குங்க. தஞ்சாவூர்தானே போறீங்க? நானும் அங்கதான். பேரு என்ன சொன்னீங்க? கலியமூர்த்தி. நல்லது. சுகர் இருக்கா? ரொம்ப வருஷமா? சரி. சந்தேகமா? கேக்கலாம், தாராளமாக் கேக்கலாம், எங்க போயிடப் போறோம். முதல்ல உங்க செருப்பை எடுங்க. டிரைவர் பிரேக் போட்டதுல ஒத்தைச் செருப்பு அந்தக் கம்பிகிட்ட போயிடுச்சு பாருங்க. ஆங், மாட்டிக்கிட்டீங்களா. சரி.

என் பேரு அறவாழி. எங்கப்பா கட்சிக்காரரு, ஆசையா வெச்ச பேரு. எம்.டி. படிச்சேன், தங்க மெடல் வாங்கினேன், மன்னார்குடியில பந்தலடி தாண்டி இருபது வருஷமா கிளினிக் வெச்சிருக்கேன். இதெல்லாம் ஒருத்தருக்கும் தெரியாது. ஒருநாள் கேமரா முன்னாடி ஒரு கரண்டி உப்பை அள்ளி அப்பளத்து மேல கொட்டி, நீங்க சாப்பிடறது அப்பளம் இல்ல மக்களே, இதுதான்னு சொன்னேன். அவ்வளவுதான். அன்னையிலேருந்து உப்பு டாக்டர். கல்யாணப் பந்தியில நான் உட்கார்ந்தா பக்கத்து இலைக்காரர் அப்பளத்தைச் சோத்துக்கு அடியில ஒளிக்கிறாரு. ஊறுகாய் வாளியோட வர்றவன் என் இலையை மட்டும் தாண்டிப் போயிடறான். எனக்கு அப்பளம்னா உயிருங்க. வெளியில சொல்ல முடியுமா? வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டுத்தான் நொறுக்கறேன்.

இந்தச் சேனலை ஆரம்பிச்சு வெச்சது என் மக நிறைமதி. சாப்பிட உட்கார்ந்தா எண்ணெயைப் பத்தி, மாவுச்சத்தைப் பத்தி நான் பேசிக்கிட்டே இருப்பேனாம். இதை எங்களுக்கு எதுக்குப்பா சொல்றே, ஊருக்குச் சொல்லுன்னு போனை எதிர்ல நிறுத்திட்டா. அவ ஏதோ வீட்டு நிம்மதிக்காகச் செஞ்சா. அது பாருங்க, பத்திக்கிச்சு. எனக்கு இவ்வளவு நல்லாப் பேச வரும்னு எனக்கே அப்பத்தான் தெரிஞ்சுது. அப்புறம் தலைக்கு மை, முகத்துக்குப் பவுடர், பின்னாடி ஒரு புத்தக அலமாரி. அந்தப் புத்தகமெல்லாம் என் மனைவி சகுந்தலாவோடது, அவ பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டர். நான் படிச்ச மாதிரி அதுக்கு முன்னாடி நின்னு பேசுவேன். பால்காரர் மணி அடிச்சப்பக்கூட "வணக்கம் மக்களே"ன்னுதான் கதவைத் திறந்தேன் ஒருநாள். அவரு ரெண்டு அடி பின்னால போயிட்டாரு.

சகுந்தலாவுக்கு முதுகுவலி. ஒரு மாசமாச் சொல்லிட்டிருந்தாளாம். ஒருநாள் காபி டம்ளரை டொக்குனு வெச்சுட்டுக் கேட்டா, "ஏங்க, எனக்கு முதுகு வலிக்குதுன்னா நானும் கமெண்ட்ல போடணுமா?" நான் சிரிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு அந்தப் பேச்சு, அதை அடுத்த வீடியோவுலகூடச் சொன்னேன்.

உங்க கால் அந்த இன்ஜின் மூடி மேல இருக்கே, சுடலையா? எனக்கு இங்கேயே அனல் அடிக்குது. சுடலையா? பரவால்ல, நல்ல கால் உங்களுக்கு.

எதுல விட்டேன்? கமெண்ட். ஆமா. ஜனங்க கமெண்ட் போட்டா அதுல ஒரு ஹார்ட் போடணும்ப்பா, அப்பத்தான் வீடியோ நாலு பேருக்குப் போய்ச் சேரும்னு நிறைமதி சொல்லிக் குடுத்தா. சின்னதா ஒரு சிவப்பு ஹார்ட்டு. அதுக்குப் பக்கத்துல நம்ம மூஞ்சியும் சின்னதாத் தெரியும். காலையில காபி குடிச்சுக்கிட்டே போட ஆரம்பிப்பேன். டொக், டொக், டொக். வாழ்த்துகள் டாக்டர், ஹார்ட். அருமை டாக்டர், ஹார்ட். நீ எல்லாம் ஒரு டாக்டரா, அதுக்கும் ஹார்ட். யாரு படிக்கிறா? காபி ஆறதுக்குள்ள முடிக்கணும். பெருமையாச் சொல்லிக்குவேன், என் சேனல்ல ஹார்ட் கிடைக்காம ஒருத்தர் போக முடியாதுன்னு.

சேனல் வளர வளர கிளினிக்குல கூட்டம் குறைஞ்சுது. ஒரு டாக்டரோட மவுசு வாசல்ல கிடக்கிற செருப்புல தெரியுங்க. முன்னெல்லாம் என் வாசல்ல செருப்பைத் தாண்டி உள்ள வர நானே தாவணும். இப்ப வாசல் சிமெண்ட்டு பளிச்சுனு தெரியுது. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? சிரிக்காதீங்க. நம்ம வீடியோவப் பாத்து ஊரே திருந்திடுச்சுன்னு நினைச்சேன். உப்பைக் குறைச்சுட்டாங்க, நடக்கறாங்க, நோயே இல்ல. மன்னார்குடியில் நோய் குறைந்தது எப்படின்னு ஒரு வீடியோவே போட்டேங்க. நல்லா ஓடுச்சு. சகுந்தலாதான் ஒருநாள் கிளினிக்குக்கு வந்து, ஜன்னலைத் திறந்து, எதிர்ப் பக்கம் பாருங்கன்னு சொன்னா. எதிர்க்க நிவேதன்னு ஒரு சின்ன டாக்டர் புதுசா வந்திருக்காரு. பத்து வார்த்தை சேர்ந்தாப்புல பேச மாட்டாரு. அவரு வாசல்ல செருப்பு ரோடு வரைக்கும் கிடந்துச்சு.

பொறாமையா இருந்துச்சுங்க. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. அன்னிக்கே "பேசாத டாக்டர் ஆபத்தா?"ன்னு ஒரு வீடியோ போட்டேன்.

சரி, இப்ப நான் எதுக்குத் தஞ்சாவூர் போறேன்னு கேக்கணும் நீங்க. கோகிலம்மாவைப் பாக்கப் போறேன். இன்னிக்கு அங்க ஆஸ்பத்திரியில அவங்களுக்குக் கட்டுப் பிரிக்கிறாங்க. கால் நிக்குமா போகுமான்னு இன்னிக்குத்தான் தெரியும். மகதான் கார்ல கொண்டு விடறேன்னா. வேண்டாம்னு பஸ் ஏறிட்டேன். வீட்டுல கேட்டா டீசல் விலைன்னு சொல்வேன். உண்மை என்னன்னா, கார்ல போனா யாரு என்னைப் பாத்து எழுந்து நிக்கப் போறா? நீங்க நின்னீங்க பாருங்க, அதுக்குத்தான். அதுவும் இன்னிக்குப் போய்! எப்படிப்பட்ட ஆளு பாருங்க நான்.

கோகிலம்மா ரவிக்கை தைக்கறவங்க. வீட்டுக்காரர் இல்ல, பையன் திருப்பூர்ல. தனியாத்தான் இருக்காங்க, தையல் மெஷினும் அவங்களும். கிளினிக் திறந்த வருஷத்துலேருந்து என்கிட்ட வர்றாங்க, சுகருக்கு. மாசம் பொறந்தா முதல் திங்கக்கிழமை டாண்ணு வந்து நிப்பாங்க. ஜாங்கிரி சாப்பிட்டீங்களாம்மான்னு கேட்டா, யாரு டாக்டர் சொன்னா, எதிர்வீட்டுக்காரியா, அவளுக்கு என் மேல பொறாமைன்னு எதிர்வீட்டு அம்மாவைத் திட்டுவாங்க. ஒரே சண்டைதான். ஆனா நான் காலைப் பாக்காம விட்டதில்ல. ஸ்டூலைப் போட்டுக் கீழ உட்கார்ந்து, அவங்க காலைத் தூக்கி என் மடியில வெச்சுக்குவேன். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால ஒவ்வொரு விரலாத் தொட்டு இது எந்த விரல்னு கேப்பேன். அவங்களுக்கு ஒரே கூச்சம். ஐயோ டாக்டர் மேல கால் படலாமா, பாவம் பிடிக்கும்னு, முடிஞ்ச உடனே என் முட்டியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாங்க. கட்டைவிரல் டாக்டர், நடுவிரல் டாக்டர், சுண்டுவிரல் டாக்டர்னு பள்ளிக்கூடப் பொண்ணு மாதிரி சொல்வாங்க. ஒரு தப்பு வராது.

அந்தக் கோகிலம்மா வர்றது நின்னு போச்சு. நான் கவலைப்படலை. ஏன்னா கமெண்ட்ல தினமும் இருப்பாங்க. கோகிலம் டெய்லர்னு பேரு, ரோஜாப்பூ படம். எந்த வீடியோ போட்டாலும் முதல் ஆளா அருமை டாக்டர். அப்ப நல்லாத்தானே இருக்காங்க?

போன மாசம் நிறைமதி சொன்னா, சுகர்காரங்க காலைப் பாத்துக்கிறது எப்படின்னு ஒரு வீடியோ போடுவோம்ப்பா, ஒரு கால் வேணும். என் காலைக் காட்டினேன். ரோமமும் அதுவுமா, இருக்கிறவங்களும் ஓடிடுவாங்கன்னுட்டா. அப்பத்தான் எனக்குக் கோகிலம்மா ஞாபகம் வந்துச்சு. அந்தக் கால் என்னோட உழைப்புங்க. ஒரு வெடிப்பு இருக்காது, நகமெல்லாம் நேரா வெட்டியிருக்கும். அவங்க காலையே எடுத்துடலாம்னு, கேமரா, லைட்டு, ஸ்டாண்டு எல்லாத்தையும் கார்ல போட்டுக்கிட்டுப் போனோம்.

என்னைப் பாத்ததும் அவங்களுக்கு மொகமெல்லாம் சந்தோஷம். வாங்க டாக்டர், இப்பத்தான் உங்களைப் பாத்துட்டிருந்தேன்னாங்க. கையில போன், அதுல நான் பேசிட்டிருக்கேன். நேர்ல நிக்கிற எனக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுத்துட்டு, போன்ல இருக்கிற என்னை நிறுத்தாம ஓட விட்டிருந்தாங்க. லைட்டைப் போட்டோம். நான் வணக்கம் மக்களேன்னு ஆரம்பிச்சேன். இவங்க கோகிலம்மா, இவ்வளவு வருஷம் சுகர் இருந்தும் இவங்க காலைப் பாருங்கன்னு சொல்லிக்கிட்டே, புடவையைக் கொஞ்சம் ஒதுக்குங்கம்மான்னேன்.

சுண்டுவிரல்ல துணி சுத்தியிருந்துச்சு. துணியெல்லாம் மஞ்சள். நான் பிரிச்சேன்.

எல்லாம் சொல்ல வேண்டாம், நீங்க வீட்டுலேருந்து சாப்பிட்டுட்டு வந்திருப்பீங்க. வாடை முதல்ல வந்துச்சு. விரல் கறுத்துப் போயிருந்துச்சு, பக்கத்துல பாதம் வரைக்கும் சிவப்பு ஏறியிருந்துச்சு. அந்தக் காலாலதான் காலையில வரைக்கும் மெஷின் மிதிச்சிருக்காங்க. வலிக்கலையாம்மான்னு கேட்டேன். இல்லியே டாக்டர்னாங்க. எனக்குக் கோபம் வந்துச்சு பாருங்க, அப்படி ஒரு கோபம். இத்தனை நாளா ஏன் என்கிட்ட வரலைன்னு கத்தினேன். அவங்க என்னைத் திருதிருன்னு பாத்தாங்க.

"வரலையா? தினமும் உங்களைக் கேட்டுட்டுத்தானே டாக்டர் எல்லாம் செய்யறேன். நீங்கதானே சரின்னீங்க."

போனை என் கையில குடுத்தாங்க. கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பாத்தேன். கோகிலம் டெய்லர், ரோஜாப்பூ. "டாக்டர் நடக்கும்போது செருப்பு கழண்டு விழுந்தாலும் தெரிய மாட்டேங்குது. பரவால்லியா?" அதுக்குக் கீழ என் ஹார்ட். பக்கத்துல என் மூஞ்சி, சின்னதா, சிரிச்சுக்கிட்டு. இன்னொரு வீடியோவுல, "சுண்டுவிரல்ல கொப்புளம் டாக்டர். மஞ்சள் வெச்சிருக்கேன். போதுமா?" ஹார்ட். "கொப்புளம் உடைஞ்சிருச்சு டாக்டர். வலி இல்ல. வரணுமா வேண்டாமா?" ஹார்ட்.

வரணுமா வேண்டாமான்னு கேட்டதுக்கு ஹார்ட்டுங்க.

அவங்க மட்டும் இல்லியாம். தெருவுல இருக்கிற பொம்பளைங்க எல்லாருக்கும் இதுதான் முறையாம். கமெண்ட்ல கேக்கறது, மறுநாள் காலையில பாக்கறது. ஹார்ட் விழுந்திருந்தா டாக்டர் பாத்துட்டாரு, ஒண்ணும் இல்ல. விழலைன்னா ஆஸ்பத்திரிக்குப் போகணும். இதுல என்ன கொடுமைன்னா எனக்கு வேலையா ஒருநாள் ஹார்ட் போட முடியாம போயிடும். அன்னிக்குக் கேட்டவங்க எல்லாம் பயந்துபோய் நேரா எதிர்க்கடை நிவேதன்கிட்டப் போயிருக்காங்க. அந்தப் பையனுக்கு ஆள் அனுப்பினதே நான்தான்.

நான் கேக்கறேன், நீங்களே சொல்லுங்க, ஹார்ட்னா சரின்னு அர்த்தம்னு நான் எங்கியாவது சொன்னேனா? படிச்சவங்க யாராவது அப்படி நினைப்பாங்களா? இதைச் சகுந்தலாகிட்டயும் கேட்டேன். அவ திருப்பிக் கேட்டா, "டாக்டர் கிட்ட வரணுமான்னு கேட்டா, டாக்டர் சிரிச்ச மூஞ்சியோட ஹார்ட் போட்டா, அதுக்கு வேற என்னங்க அர்த்தம்?" ஹெட்மாஸ்டர்கிட்ட வாதாட முடியாது.

அன்னிக்குக் கோகிலம்மா வீட்டுல நிறைமதி அழுதுட்டா. கேமரா அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, இனிமே நாம பாக்கப் போறதில்ல. கோகிலம்மாவைத் தூக்கிக் கார்ல உட்கார வைக்கும்போது, இந்த வீடியோவைப் போட்டா எவ்வளவு பேரு பாப்பாங்கன்னு ஒரு நினைப்பு மின்னல் மாதிரி வந்துட்டுப் போச்சு. என்னை நானே செருப்பால அடிச்சுக்கலாம்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்து பாத்தா, நான் சொல்றதுக்கு முன்னாடியே மக அதை அழிச்சுட்டா. அந்த விஷயத்துல அவ அம்மா மாதிரி.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் அவங்க என்னைத் திட்டவே இல்லீங்க. அதுதான் தாங்கலை. இந்த மாதிரி வாடை வர்ற காலோட உங்க கார்ல ஏறிட்டேனே டாக்டர், சீட்டு வீணாப் போயிடுமேன்னு அதுக்கு வருத்தப்பட்டுக்கிட்டு வந்தாங்க. அப்புறம் மெதுவாக் கேட்டாங்க, "கால் எடுத்துட்டா மெஷின் மிதிக்க முடியாதுல்ல?"

விரலை எடுத்தாச்சு. மேல பரவினது நின்னுச்சா இல்லியான்னுதான் இன்னிக்குக் கட்டுப் பிரிச்சுப் பாப்பாங்க. அதான் சொன்னேனே.

அதுக்கப்புறம் நான் ஹார்ட்டை விட்டுட்டேன். எந்தக் கமெண்ட் வந்தாலும் "நேரில் வரவும்"னு பதில் போட்டேன். எல்லாத்துக்கும். வாழ்த்துகள் டாக்டர்னு போட்டவருக்கும் நேரில் வரவும். அவரு திருத்துறைப்பூண்டியிலேருந்து சால்வையோட நேர்ல வந்துட்டாரு. நீ எல்லாம் ஒரு டாக்டரான்னு கேட்டவரும் வந்தாரு. அவருக்கு பிரஷர் எகிறிக் கிடந்துச்சு, மாத்திரை எழுதிக் குடுத்தேன். இப்பக் கிளினிக் வாசல்ல செருப்பு வைக்க இடமில்ல.

ஒரு நிமிஷம் இருங்க, போன் சத்தம் போடுது.

பாருங்க. பாத்தீங்களா. கோகிலம் டெய்லர். ஆஸ்பத்திரிக் கட்டில்லேருந்து கமெண்ட் போட்டிருக்காங்க. போன் பண்ணுங்கம்மான்னா, உங்களுக்குத் தொந்தரவும்பாங்க. கண்ணாடி எங்க... ஆங். "டாக்டர் கட்டு பிரிச்சாங்க. புண்ணு நல்லா சிவப்பா ஆறுதாம். கால் நிக்கும்னு சொல்லிட்டாங்க. ஆனா நீங்க வந்து பாத்தாதான் எனக்கு நம்பிக்கை. வரும்போது சீனி போடாத பிஸ்கட்."

கால் நிக்குமாம்ங்க. நிக்குமாம். இருங்க, கண்ணைத் துடைச்சுக்கறேன். இன்ஜின் சூடு, கண்ணெல்லாம் எரியுது.

பாருங்க என் விரலை. தானா ஹார்ட்டுக்குப் போகுது. பழக்கம். வேண்டாம். நேர்லயே போய்ச் சொல்லிக்கறேன்.

சரி, பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சு. நான் இறங்கறேங்க. பாருங்க, உங்களைப் பேசவே விடலை, ஏதோ சந்தேகம்னீங்களே. ஒண்ணு பண்ணுங்க, என் சேனல்ல போய் அதைக் கமெண்ட்ல...

உங்க செருப்பு எங்க?

இல்லீங்க, வலது காலுக்கு. படிக்கட்டுகிட்டக் கிடக்கு பாருங்க. மன்னார்குடியிலயும் கழண்டுதே. நான்தான் எடுக்கச் சொன்னேன். கழண்டது தெரியலையா உங்களுக்கு? இன்ஜின் மூடி சுடலைன்னீங்க. இவ்வளவு நேரமும் காலை அது மேலேயே வெச்சிருக்கீங்க.

கண்டக்டர் தம்பி, எல்லாரும் இறங்கட்டும், நாங்க கொஞ்சம் பொறுத்து இறங்கறோம்.

நீங்க கேக்க வந்தது இதுதானா? காலைப் பத்தியா? சரி, அப்புறம் சொல்லுங்க. காலைத் தூக்குங்க, இப்படி என் மடியில வைங்க. பரவால்லங்க, வேட்டி அழுக்கானா துவைச்சுக்கலாம். டாக்டர் மேல கால் பட்டா பாவம் எல்லாம் ஒண்ணும் இல்ல. வைங்க கலியமூர்த்தி. ஆங். இப்பக் கண்ணை மூடிக்குங்க. நான் ஒரு விரலைத் தொடுவேன், எந்த விரல்னு சொல்லணும், அவ்வளவுதான். வேணுங்கிற நேரம் எடுத்துக்குங்க.

இன்னும் தொடலையான்னு கேக்கறீங்களா?

தொட்டுட்டுத்தாங்க இருக்கேன்.